சட்டைப்பையில் ஒரு கணனி
பழைய லப்டொப்பில் பிள்ளைகளுக்கான ‘சுகர்’

வீட்டை விட்டு எழும்ப வேண்டி வரும்போது பெரியவர்கள் முதலில் எடுப்பது அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகம். பிள்ளைகளின் கொப்பிகளை எடுப்பவர்கள் மிகக் குறைவு. அதில் பிழை சொல்ல முடியாது. மழைக்குள் ஓடும்போதும், குண்டுக்குள் ஓடும்போதும், அணைக்கட்டு வருகிறது என்று அரசாங்கம் நாள் குறித்து எழுப்பும்போதும் கொப்பி ஒரு சுமைதான். ஆனால் பிள்ளை புதிய பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது, அது இதுவரை எழுதியது, வரைந்தது, கணக்குப் போட்டது எதுவும் அதன் கையில் இல்லை. புதிய ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கிய 1980களிலும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குடும்பங்கள் மலையகத்துக்கு வந்து சேர்ந்த போர்க்காலத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுடன் வந்த மண்சரிவுகளிலும் இதே கதைதான். எனவே ஒரு பிள்ளையின் கல்வி வேலைகளை ஒரு விரல் அளவான பென் டிரைவில் வைத்து, போகும் இடமெல்லாம் கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால், நாம் சற்று நின்று கேட்க வேண்டும். கேட்ட பின்னர், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை ‘சுகர்’ என்ற கணனி ஏற்பாட்டைப் பற்றியது. சுகர் என்றால் சீனி. பெயருக்கும் பொருளுக்கும் பெரிய தொடர்பு ஒன்றும் இல்லை.

எங்கிருந்து வந்தது?

2005ஆம் ஆண்டில் நிக்கலஸ் நெக்ரொபொன்டே என்ற அமெரிக்கப் பேராசிரியர், உலகத்தின் ஏழைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நூறு டொலருக்கு ஒரு லப்டொப் கொடுக்கப் போவதாக அறிவித்தார். ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணனி’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். பச்சையும் வெள்ளையுமான, முயல் காது போல இரண்டு அன்டெனா நீட்டிய சின்னக் கணனி அது. நூறு டொலருக்கு அது கடைசி வரை வரவில்லை. 2007இல் உற்பத்தி தொடங்கியபோது ஒன்றின் விலை ஏறக்குறைய 188 டொலர். அதன் நினைவகம் 256 எம்பீ மட்டுமே. அவ்வளவு சிறிய கணனியில், எழுத வாசிக்கத் தொடங்கும் பிள்ளையும் தானாகவே ஓட்டக்கூடிய ஏற்பாடு ஒன்று வேண்டியிருந்தது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மேல் அதற்காகக் கட்டப்பட்டதுதான் சுகர்.

இந்தத் திட்டம் எமது நாட்டுக்கும் வந்தது. 2009 அளவில் உலக வங்கியின் உதவியுடன், கல்வி அமைச்சின் ஊடாக, தெரிந்தெடுத்த சில ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைக் கணனிகள் கொடுக்கப்பட்டன. இந்தியாவில் 2007இல் மகாராஷ்டிர மாநிலத்தின் கைராத் என்ற சிறு கிராமத்தில், ஒரே ஒரு ஆசிரியர் உள்ள பாடசாலையில் தொடங்கினார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் அதிகமாக வாங்கியது.

பெருவில் என்ன நடந்தது என்பதை எமது பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. அங்கே 319 கிராமப் பாடசாலைகளை எடுத்து, கணனி கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் கூடியதற்கு எந்தச் சான்றும் இல்லை. வடிவங்களைப் பார்த்துச் சிந்திக்கும் திறன் போன்ற சில பொதுவான திறன்களில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணனியை வைத்து எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒழுங்கான வழிகாட்டல் இல்லாமல் பெட்டியை மட்டும் இறக்கினால் இதுதான் நடக்கும். உழவு யந்திரத்தைக் கொடுத்துவிட்டு டீசலுக்கும் திருத்துபவனுக்கும் வழி சொல்லாமல் போன திட்டங்களை நாம் காணாதவர்கள் அல்ல.

பெட்டி போனது, உள்ளே இருந்தது தங்கியது

பச்சைக் கணனியின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருந்த சுகர் முடியவில்லை. 2008இல் வோல்டர் பென்டர் என்பவர் அந்தத் திட்டத்திலிருந்து விலகி, சுகர் எந்தக் கணனியிலும் ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடு ‘சுகர் லாப்ஸ்’ என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். 2009 ஜூன் மாதம் அதன் முதல் பென் டிரைவ் பதிப்பு ‘ஸ்ட்ரோபெரி’ என்ற பெயரில் வந்தது. 2010இல் வந்த ஒரு பதிப்புக்கு ‘மாங்கோ லஸ்ஸி’ என்று பெயர் வைத்தார்கள். அதன் பின்னர் ஃபெடோரா என்ற லினக்ஸ் குழுவினர் தமது பதிப்புகளோடு இதையும் சேர்த்து வெளியிட்டு வந்திருக்கிறார்கள்.

கண்டிக்கு இதில் ஒரு சிறு பங்கு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் நிற்கும் ஹந்தானை மலையை அறியாதவர் இங்கே இல்லை. அந்த மலையின் பெயரிலேயே ‘ஹந்தான லினக்ஸ்’ என்று இலங்கையில் ஒரு லினக்ஸ் தொகுப்பு உருவாகியது. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, சிங்கள மொழி வசதியோடு வந்த அந்தத் தொகுப்பில் இருந்த பல திரை ஏற்பாடுகளில் சுகரும் ஒன்று. ஒரே டிவிடியைப் போட்டு, அப்பாவுக்கு வழக்கமான திரையையும் பிள்ளைக்குச் சுகரையும் திறக்கலாம். இப்போது அதற்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை. தமிழ்ப் பிள்ளைகளை நினைத்து அப்படி ஒன்றை இங்கே யாரும் செய்யாதது ஒரு குறைதான்.

திரையில் என்ன தெரியும்?

விண்டோஸ் பழகியவர்களுக்கு முதலில் சற்றுக் குழப்பமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அப்படி இருப்பதில்லை. முதல் தடவை திறந்ததும் கணனி பெயரைக் கேட்கும். பிறகு நிறத்தைக் கேட்கும். தலையும் உடலுமாக ஒரு சின்ன மனித உருவம் வரும். அதைத் தட்டத் தட்ட நிறம் மாறும். பிடித்த இரு நிறங்கள் வந்ததும் நிறுத்தலாம். அந்த உருவம்தான் பிள்ளை. திரையின் நடுவில் அது நிற்க, சுற்றிலும் வட்டமாகச் செயற்பாடுகளின் படங்கள் நிற்கும்: எழுத, வரைய, படம் பிடிக்க, பேச வைக்க, அளக்க, விளையாட. ஃபைல், ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை.

‘சேவ்’ பண்ண வேண்டிய தேவையும் இல்லை. பிள்ளை செய்வதெல்லாம் ‘ஜேர்னல்’ என்ற நாட்குறிப்பில் தானாகவே சேரும். நேற்று வரைந்த படம், போன கிழமை எழுதிய கட்டுரை, பாதியில் விட்ட கணக்கு எல்லாம் அங்கே நாள் வரிசையில் இருக்கும். தொட்டால் விட்ட இடத்திலிருந்து திறக்கும். இடம் மாறிய பிள்ளைக்கு மற்ற எதையும் விட இந்த நாட்குறிப்பே முக்கியம் என்பது எமது எண்ணம். புதிய பாடசாலையின் ஆசிரியர் அதைத் திறந்து பார்த்தால், பிள்ளைக்கு என்ன தெரியும், எதில் விருப்பம், எங்கே தடுமாறுகிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கும். மாற்றற் சான்றிதழில் இவை எழுதப்படுவதில்லை.

செயற்பாடுகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்வோம்.

ஒன்று ஆமை. கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். “நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை திரும்பு” என்பதை நான்கு தடவை செய்யச் சொன்னால் ஒரு சதுரம். மூன்று தடவையில் ஒரு முக்கோணம் வர வேண்டுமானால் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? பிள்ளை அறுபது என்று போடும், கோடு எங்கோ போகும். திரும்பவும் போட்டுப் பார்த்து, நூற்றிருபது என்று கண்டுபிடிக்கும். இந்த எண்ணம் 1967இல் சீமோர் பப்பர்ட் முதலானவர்கள் ஆக்கிய ‘லோகோ’ மொழியிலிருந்து வந்தது. பிழை விடுவது குற்றமல்ல, பிழையைத் திருத்தும்போதுதான் பிள்ளை படிக்கிறது என்பது அவருடைய கொள்கை. பிரம்போடு வளர்ந்த எமக்கு இதை ஏற்கச் சற்றுக் காலம் எடுக்கும். வயலின் வரம்பை, வீட்டின் நிலப்படத்தை, மலைச்சரிவுப் படிக்கட்டுகளை ஆமையைக் கொண்டு வரையச் சொல்லிப் பாருங்கள். வரைகணிதம் என்று சொல்லாமலே அது உள்ளே போகும். பரப்பு, பேர்ச்சஸ் என்று காணி அளந்து பேசும் தகப்பனுக்கும் அங்கே சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்கும்.

மற்றது ‘மெமரைஸ்’ என்ற சோடி சேர்க்கும் விளையாட்டு. கவிழ்த்து வைத்த அட்டைகளைத் திருப்பிச் சோடி பிடிக்க வேண்டும். இதன் சிறப்பு, விளையாட்டைப் பிள்ளையே ஆக்கலாம் என்பது. ஓர் அட்டையில் ‘தண்ணீர்’ என்றும் மற்றதில் ‘வத்துர’ என்றும் எழுதலாம். ‘வயல்’ என்றால் ‘கும்புர’. ‘மரம்’ என்றால் ‘கஸ’. வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, கண்டிப் பக்கத்துக் கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் தெரியாமல் வாய் மூடி நிற்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அயல் வீட்டுச் சிங்களப் பிள்ளையும் சேர்ந்து இந்த அட்டைகளைச் செய்தால் இரண்டு பக்கமும் நன்மை. கொழும்பிலிருந்து யாரும் பாடம் அனுப்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இவற்றில் எதற்கும் இணையம் தேவையில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டுவழியே மலைப்பாறைக்கு ஏறிய செய்தியை உலகமே பார்த்தது. அப்படிப்பட்ட இடங்களில் இணையமில்லாமல் ஓடுவது சிறிய விடயம் அல்ல.

சாதாரண லப்டொப்பில் போட்டுப் பார்த்தல்

இனி வேலைக்கு வருவோம். கண்டி நகரில் பாவித்த லப்டொப் விற்கும் கடைகள் இருக்கின்றன. வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன பழையது ஒன்று சில வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கும். விண்டோஸ் திறக்கவே கால்மணி நேரம் எடுக்கும் அந்தப் பெட்டிதான் எமக்கு வேண்டியது. 2 ஜீபீ நினைவகம் இருந்தால் சுகர் நன்றாக ஓடும். வன்தட்டு பழுதாகி இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் இது பென் டிரைவிலிருந்தே ஓடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெடோரா 2019க்குப் பின்னர் 64 பிட் கணனிகளுக்கு மட்டுமே பதிப்பு வெளியிடுகிறது. அதற்கும் முந்திய மிகப் பழைய 32 பிட் லப்டொப் என்றால், டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பைப் போட்டு அதற்குள் சுகரைச் சேர்க்க வேண்டும். அது சற்றுக் கூடிய வேலை.

ஃபெடோராவின் ‘சுகர் ஒன் எ ஸ்டிக்’ கோப்பு ஒரு ஜீபீக்கு மேல். டேட்டா காட் போட்டு ஒவ்வொரு வீட்டிலும் இறக்குவது வீண் செலவு. நல்ல இணைப்பு உள்ள ஓரிடத்தில் ஒருவர் ஒரு தடவை இறக்கினால் போதும். அதன் பிறகு எத்தனை பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இது களவு அல்ல. பிரதி எடுக்கவும் பகிரவும் அதன் உரிமமே அனுமதிக்கிறது. ‘ஃபெடோரா மீடியா ரைட்டர்’ என்ற இலவச நிரல் விண்டோஸிலும் ஓடும். அதைக் கொண்டு கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கலியாண வீட்டுப் படங்கள் உள்ளதைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு லப்டொப்பை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, திரும்ப ஓட விட்டு, பெயர்ப்பலகை தோன்றும்போதே எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். எது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். வரும் பட்டியலில் யூஎஸ்பி என்பதைத் தெரிவு செய்தால் சில நிமிடங்களில் சுகர் திறக்கும். உள்ளே உள்ள விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. பென் டிரைவைக் கழற்றினால் பழையபடி விண்டோஸ்தான்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம் வருகிறது. இப்படி எழுதிய பென் டிரைவ் பார்த்துப் பழகுவதற்கு மட்டுமே. லப்டொப்பை நிறுத்தியவுடன் பிள்ளை செய்த அனைத்தும் அழிந்துவிடும். மறுநாள் திறந்தால் திரும்பவும் பெயரைக் கேட்கும், நிறத்தைக் கேட்கும். முழு மாலையும் இருந்து வரைந்த பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க முடியாது. நாட்குறிப்பு தங்க வேண்டுமானால், முதல் பென் டிரைவிலிருந்து சுகரை ஓட விட்டபடி, இரண்டாவது பென் டிரைவில் அதை முறையாக நிறுவ வேண்டும். இரண்டாவது 16 ஜீபீ அளவில் இருப்பது நல்லது. நிறுவும்போது எந்தத் தட்டில் என்று கணனி கேட்கும். தவறி லப்டொப்பின் வன்தட்டைத் தெரிவு செய்தால் அதில் உள்ள எல்லாம் போய்விடும். பயமாக இருந்தால், லப்டொப்பின் அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றி வன்தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்வதுதான் ஆகவும் பாதுகாப்பு. கணனி தெரிந்த ஒரு தம்பியோ தங்கச்சியோ இந்த ஒரு நாள் உடனிருந்தால் போதும்.

அதன் பிறகு அந்தப் பென் டிரைவ் பிள்ளையினுடையது. வேறு ஒரு லப்டொப்பில் செருகினாலும் அதே பெயர், அதே நிறம், அதே நாட்குறிப்பு. ஒரே லப்டொப்பை ஐந்து பிள்ளைகள் முறை வைத்துப் பாவிக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பென் டிரைவ். ஒரு நிலையத்துக்கு ஐந்து லப்டொப் வாங்கிக் கொடுப்பதை விட இது எமக்கு ஏற்ற கணக்கு.

பென் டிரைவும் சாகும். மலிவானது கெதியில் சாகும். மின்சாரம் போகும்போது, பற்றரி செத்த பழைய லப்டொப்பும் சேர்ந்து நிற்கும். அப்படித் திடீரென்று நிற்பதாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்குவதாலும் உள்ளே இருப்பது குழம்பிப் போகலாம். நடுவில் நிற்கும் உருவத்தின் மேல் சுட்டியை வைத்து, வரும் பட்டியலில் நிறுத்தச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்குங்கள். மாதம் ஒரு தடவை வேறொரு பென் டிரைவைச் செருகினால் ஜேர்னலின் அடியில் அதன் படம் தோன்றும். முக்கியமானவற்றை அதன் மேல் இழுத்து விட்டால் பிரதி ஆகிவிடும். அந்தப் பிரதியை அடையாள அட்டைகளோடு ஒரே உறையில் வையுங்கள்.

தமிழும் வயதும்

அமைப்புகளில் தமிழைத் தெரிவு செய்யலாம். ஆனால் மொழிபெயர்ப்பு அரைகுறை. பாதிச் சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். படங்களைப் பார்த்தே ஓட்டக்கூடியதாக இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு இது பெரிய தடையாவதில்லை. தமிழில் எழுதுவதற்கு, விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்ற பகுதிக்குள் ‘தமிழ்நெட் 99’ இருக்கிறது. பழைய தட்டச்சுப் பழகிய ரெங்கநாதன் முறைக்காரருக்கு அதற்கான நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கே சுகர் பொருத்தம். புலமைப்பரிசில் வினாத்தாள் இதில் இல்லை, அதை எதிர்பார்த்து யாரும் தொடங்க வேண்டாம். சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் எடுக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். அவர்களுக்கு வழக்கமான லினக்ஸ் திரையும் லிப்ரே ஒபிஸும் போதும். சுகரில் பிள்ளை எழுதிய கட்டுரையையும் லிப்ரே ஒபிஸில் திறக்கலாம், அச்சிடலாம்.

லப்டொப்பே இல்லாத வீடுகளுக்கு ‘சுகரைசர்’ என்று ஒன்று இருக்கிறது. சுகரின் அதே வட்டமும் நாட்குறிப்பும் அன்ட்ரொயிட் தொலைபேசியில் ஓடும்படி செய்தது. இலவசம்தான். செயலியாக ஒருமுறை இறக்கிவிட்டால் பல செயற்பாடுகளுக்குப் பின்னர் இணையம் வேண்டியதில்லை. திரை சின்னது, எழுதுவது கடினம், வரையலாம், சோடி சேர்க்கலாம். தகப்பன் தொலைபேசியை வேலைக்குக் கொண்டு போகும் வீட்டில் அதுவும் இரவு ஏழு மணிக்குப் பிறகுதான்.